துளையோடு வந்த ஓடு

பழைய மங்களூர் ஓடு ஒன்று கைக்குக் கிடைத்தால் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கத்தில் மழைநீர் இறங்க வாய்க்கால்கள், விளிம்புகளில் பக்கத்து ஓட்டோடு பூட்டிக்கொள்ள வரம்பும் பள்ளமும், அடியில் ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும் மூக்குகள். இவ்வளவும் எல்லோர் கண்ணிலும் படும். அடிப்பக்கத்தில் இன்னொரு சின்னப் புடைப்பும் பெரும்பாலும் இருக்கும். அதில் கம்பி நுழையும் அளவுக்கு ஒரு துளை. காற்று பலமாக அடிக்கும் ஊரில் ஓட்டைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வைத்த துளை அது.

கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங்கில் கூரை மாற்ற நினைக்கும் வீட்டுக்காரர் முதலில் நிறத்தைக் கேட்கிறார், பிறகு விலையை, பிறகு ஒழுகுமா என்று. பிடிமானத்தைக் கேட்பவர் குறைவு. அந்தத் துளையின் கதை தெரிந்தால் அதைத்தான் முதலில் கேட்பார் என்று நம்புகிறேன்.

கதை பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியின் ஆல்ட்கிர்ஷ் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே ஓடு சுட்டுவந்த கிலார்தோனி சகோதரர்கள் 1841இல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். அதுவரை தட்டை ஓடு போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகப் பாதிக்கு மேல் மூடி அடுக்க வேண்டும். ஓடு நிறையச் செலவாகும், கூரை கனத்துப் போகும், மரம் தடிமனாக வேண்டும். பூட்டு ஓடு வந்தபின் ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு சொச்சம் போதும் என்றானது. மண்ணும் மிச்சம், மரமும் மிச்சம்.

இந்த வடிவம் தெற்கே மார்சேய் துறைமுகத்துக்கு இறங்கியது. ஊருக்கு வடக்கே சேன் அந்திரி வட்டாரத்துக் களிமண்ணில் சூளைகள் வரிசையாக எழுந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் முத்திரையை ஓட்டின் அடியில் பதித்தது. கீஷார் கார்வான் கம்பெனியின் தேனீ முத்திரை அவற்றில் பேர்போனது. மார்சேய் என்பது மிஸ்த்ரால் காற்றின் ஊர். வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் அந்தக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி நாள்கணக்கில் அடிக்கும். கம்பி கட்டத் துளை வைத்த ஓடு அப்படிப்பட்ட ஊரில் பெயர் வாங்கியதில் வியப்பு இல்லை. அங்கிருந்து கப்பலேறி அது உலகம் சுற்றியது. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இன்றும் மார்சேய் முத்திரை கண்ணில் படும்.

மங்களூருக்கு அந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர்கள் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர். மதம் மாறியதால் குலத்தொழிலையும் வேலையையும் இழந்த மக்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று நெசவு, அச்சு எனப் பல தொழில்களைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் முயற்சியால் 1865இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை எழுந்தது. நேத்ராவதி, குருபுரா ஆற்றங்கரைக் களிமண் இந்த ஓட்டுக்கென்றே படிந்ததுபோல் அமைந்தது. சில ஆண்டுகளில் அல்புகர்க் உள்ளிட்ட உள்ளூர் முதலாளிகளும் சூளை வைத்தார்கள். கோழிக்கோடு, ஃபெரோக் என்று கரையோரம் முழுவதும் புகைபோக்கிகள் நிமிர்ந்தன. மங்களூர் ஓடு தமிழ்நாட்டுக்கு வந்தது, இலங்கைக்குப் போனது, ஏடனுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. கிழக்கே நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கப்பலேறியது.

அச்சு அதே அச்சு என்பதால் துளையும் கூடவே வந்தது. ஆனால் கம்பி கட்டும் பழக்கம் வரவில்லை. ஓடு வேய்பவர் மூக்கை ரீப்பரில் மாட்டுவார், பூட்டைப் பொருத்துவார், அடுத்த ஓட்டுக்குப் போய்விடுவார். ஓட்டின் கனமே அதை இருத்தி வைக்கும் என்ற நம்பிக்கை. பல காலம் அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை. ஓடுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியே காற்று புகுந்து வெளியேறுவதால் மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமனாகிவிடுகிறது. அதனால்தான் கட்டாத கூரைகளும் தலைமுறை கடந்து நின்றன. புயல் வரும் கரையில் மட்டும் கணக்கு வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யம் பக்கத்து ஓட்டு வீடுகள் பட்ட பாட்டைத் தமிழ்நாட்டவர் மறந்திருக்க மாட்டார்கள்.

மலாயாவில் ஓடு பரவியதற்குக் காரணம் காற்று இல்லை, நெருப்பு. 1880களின் தொடக்கத்துக் கோலாலம்பூர் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் சேர்ந்த ஊர். 1881 ஜனவரியில் பற்றிய தீ அதில் பெரும்பகுதியை விழுங்கியது. அதே ஆண்டுக் கடைசியில் வெள்ளமும் வந்தது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம், ஊரைச் செங்கல்லும் ஓடுமாகத் திருப்பிக் கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் நிறைந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனது. 1886இல் கிள்ளான் ஆற்றங்கரையின் புக்கிட் கூடாவிலிருந்து கோலாலம்பூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் கடல்வழி வந்த கனமான சரக்கு ஊருக்குள் நுழைய வழி பிறந்தது. அந்தத் தண்டவாளத்தைப் போட்டதிலும் பிறகு ஓட்டியதிலும் தமிழர் உழைப்பு எவ்வளவு என்பதைப் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழ்ந்த எந்தக் குடும்பமும் சொல்லும்.

அந்த மாற்றத்தில் தீப்பிடிக்காத கூரை கிடைத்தது, சரி. கைவிட்டுப் போனது என்ன? அத்தாப்பு என்பது முழுக்க முழுக்கக் கட்டிய கூரை. நிப்பா ஓலையைக் குச்சியின் மேல் மடக்கி, நாரால் தைத்து, அந்தத் தட்டிகளைப் பிரம்பால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டுவார்கள். ஊரில் தென்னங்கீற்று வேய்ந்தவர்களும் கயிறும் பனைநாருமாகத்தான் கூரையைப் பிணைத்தார்கள். காற்றில் அத்தாப்பு கிழியும், பிய்யும், ஆனாலும் சட்டத்தை விட்டு முழுசாகக் கழன்று போவது அரிது. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்ததால் கட்டு தளர்ந்ததா என்று பார்க்கும் வேலையும் தானாக நடந்துவிடும். ஓடு வந்தபின் கூரையைத் திறந்து பார்க்கும் பழக்கமே போனது.

தோட்டத்துக்கு வந்த கூரை வேறு. லயத்து வீடுகளில் அத்தாப்புக்கு அடுத்து ஏறியது பெரும்பாலும் சிங்க். நெளிவு போட்ட இரும்புத் தகட்டுக்கு 1829இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சின் சொரேல் அதற்குத் துத்தநாகப் பூச்சு முறையைத் தந்தார். இரண்டும் சேர்ந்த தகடு மலிவு, இலேசு, ஒரு நாளில் ஒரு லயத்தையே மூடிவிடலாம். மத்தியான வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்தச் சத்தத்தில் படித்துத் தேறிய தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்தின் ஓரம் ஒதுங்கியபோது பத்துமலை, செலாயாங் வட்டாரப் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அதே சிங்க்தான் வந்தது. அதன் மேல் கல்லும் பழைய டயரும் தூக்கி வைத்தார்கள். காற்று கூரையை மேலே தூக்கும் என்பதை யாரும் பாடம் நடத்தாமலேயே புரிந்துகொண்ட மக்கள் அவர்கள். கையில் இருந்த பொருளால் பதில் சொன்னார்கள். பலமான காற்றில் கல்லும் டயருமே பறந்து இறங்கும் ஆபத்து உண்டு என்பதும் உண்மை.

நடுவே அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடும் வந்து போனது. பழைய வீட்டில் அது இன்னும் இருந்தால் மேலே ஏறாதீர்கள், அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள். முறையறிந்தவர்களை வைத்து அகற்றுங்கள். தூசிதான் நஞ்சு.

இன்றைய செலாயாங்கின் தாமான்களில் வரிசை வீடுகளின் மேல் கிடப்பது பெரும்பாலும் சிமெண்டு ஓடு. அதுவும் ஐரோப்பாவில் பிறந்ததுதான். 1840களில் பவேரியாவின் ஸ்டௌடாக்கில் அடால்ஃப் குரோகர் என்பவர் சிமெண்டில் ஓடு வார்க்கத் தொடங்கினார். நம் பக்கத்தில் சூளைப் புகையை வென்றது அதுதான். சிமெண்டுக்கு அலைய வேண்டியதும் இல்லை. செலாயாங் நகராண்மைக்கு உட்பட்ட ரவாங்கிலேயே 1950களிலிருந்து சிமெண்டு ஆலை இருக்கிறது. ஒரு ஓடு நாலு கிலோவுக்கு மேல், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய பத்து ஓடு. அந்தப் பரப்பில் 40இலிருந்து 45 கிலோ கனம் உட்கார்ந்திருக்கிறது. மங்களூர் ஓட்டின் கம்பித் துளைக்குப் பதில் இதன் தலைப்பகுதியில் ஆணித் துளை.

இனி காற்று. நம் நாட்டில் புயல் இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2001 டிசம்பர் 27இல் வாமெய் சூறாவளி ஜோகூரின் தென்கிழக்கில், பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகை தள்ளிக் கரையேறியது. அது அபூர்வத்திலும் அபூர்வம். கிள்ளான் பள்ளத்தாக்கின் அன்றாடக் கவலை அது இல்லை. இங்கே இரண்டு காற்றுகள். ஒன்று, பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழையோடு இறங்குவது. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று நேர்கீழாக விழுந்து தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். கால் மணி நேரம்தான், ஒரு தெரு தப்பும், அடுத்த தெரு மாட்டும். இன்னொன்று சுமத்ரா காற்று. தென்மேற்குப் பருவத்தில் இரவில் மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, விடியலில் நீண்ட வரிசையாகக் கரைக்கு வந்து மோதும்.

மலேசியாவின் காற்றுச்சுமைத் தரநிலை எம்எஸ் 1553, 2002இல் வந்தது. தீபகற்பத்தை இரண்டு மண்டலமாகப் பிரித்து, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் வீச்சு நொடிக்கு 33.5 மீட்டர், 32.5 மீட்டர் என்று அது வைத்திருக்கிறது. மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இந்த வேகம் ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தம் 65இலிருந்து 70 கிலோ எடைக்குச் சமம். வீடுகள் நெருங்கிய இடத்தில் வேகம் குறையும் என்பது உண்மை, வெட்டவெளியை ஒட்டிய கடைசி வீட்டிலும் மேட்டுச் சரிவிலும் அவ்வளவு குறையாது. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். அந்த உறிஞ்சல் கூரை முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. முகடு, தாழ்வாரம், பக்கச்சுவர் ஓரம், மூலை ஆகிய இடங்களில் நடுப்பரப்பைவிடப் பல மடங்கு. ஜன்னலோ கதவோ உடைந்து காற்று உள்ளே நுழைந்தால் கீழிருந்தும் தள்ளும்.

45 கிலோ கனத்தை வைத்து இந்த 70 கிலோவோடு பேசிப் பாருங்கள். நடுக்கூரை தாங்கலாம். ஓரங்கள் தாங்கா. புயலுக்குப் பிறகு தெருவில் நடந்தால் முதலில் காணாமல் போயிருப்பது முகட்டு ஓடும் விளிம்பு வரிசையும் என்பது இதனால்தான். முகட்டு ஓட்டை நம் ஊரில் சிமெண்டுக் கலவையால் ஒட்டுகிறார்கள். வெயிலில் விரிந்து மழையில் சுருங்கும் கூரையில் அந்தக் கலவை சில ஆண்டுகளில் வெடிக்கும். பிறகு ஓடு வெறுமனே உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்தில் 2014இல் திருத்திய பிஎஸ் 5534 தரநிலை இதை ஒரேயடியாக மாற்றியது. பூட்டு ஓடு ஒவ்வொன்றையும் ஆணியோ கிளிப்போ கொண்டு பிடிக்க வேண்டும், முகட்டில் கலவையை மட்டும் நம்பக் கூடாது என்று விதித்தது. மார்சேய் ஓட்டின் துளை சொன்னதைத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அந்த விதி சொன்னது. இந்தியாவின் புயல் வழிகாட்டுதல்களிலும் ஓட்டுக் கூரையின் குறுக்கே கான்கிரீட் பட்டை ஓட்டிப் பிடிக்கும் யோசனை இருக்கிறது.

ஓடு வேண்டாம், தகடு போடுகிறோம் என்று இப்போது பலர் மாறுகிறார்கள். வண்ணம் பூசிய புதுத் தகடு அழகானது, பழைய சிங்க் அளவுக்குச் சூடேறாமல் அடியில் காப்பும் போடலாம். ஆனால் ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சதுர மீட்டருக்கு 45 கிலோ இருந்த இடத்தில் தகடு 5 கிலோதான். அதுவரை மரச்சட்டத்தையும் கூரைத் தாங்கியையும் சுவரோடு அழுத்தி வைத்திருந்தது ஓட்டின் கனம். அதை இறக்கிவிட்டுத் தகட்டை ஏற்றினால், தாங்கி சுவரோடு பிணைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தகடு கழன்று போகாது, சட்டத்தோடு சேர்ந்து கூரையே குடை மாதிரி எழும்பும். கூரை பறந்த செய்திப் படங்களில் தெருவில் கிடப்பதைக் கவனியுங்கள். பல நேரம் தகட்டோடு ரீப்பரும் சேர்ந்தே கிடக்கும். பிணைப்பு அறுந்தது எங்கே என்பதை அதுவே காட்டும்.

தகட்டில் திருகாணியின் எண்ணிக்கையும் முக்கியம். 1974 டிசம்பர் 25 அதிகாலை ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் திரேசி புயல் தாக்கியது. வீடுகளில் பெரும்பான்மை அழிந்தன. ஆராய்ந்த பொறியாளர் ஜார்ஜ் வாக்கர் குழுவினர் கண்டது இது: தகடு ஒரே வீச்சில் பிய்யவில்லை. விட்டுவிட்டு அடித்த காற்றில் ஆணியைச் சுற்றி மேலும் கீழும் துடித்துத் துடித்து, அந்த இடத்தில் உலோகம் களைத்து வெடித்தது. ஒன்று கழன்றதும் சுமை அடுத்ததற்கு. ஆணித்தலையின் கீழ் அகன்ற வாஷர் வைக்கும் பழக்கம் அங்கே வலுப்பெற்றது அதன் பிறகுதான். நம் கூரைக்காரர் ஓரத்தில் இரண்டு அலை விட்டு ஒரு திருகு போட்டால், எல்லா அலையிலும் போடச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சொற்பம்.

மேலைநாட்டு வீடுகளில் காணும் தார்த்தகட்டு ஷிங்கிளை விரும்புகிறவர்களும் உண்டு. 1903 வாக்கில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் தார் பூசிய கூரைத்தாளைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியதில் பிறந்தது அது. அங்கே காற்றுக்கென்றே தரம் பிரித்து விற்கிறார்கள். உச்சத் தரம் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை சோதிக்கப்பட்டது. அந்தத் தரம் இரண்டை நம்பி நிற்கிறது: வெயிலில் இளகி மேல் தகட்டைக் கீழ்த் தகட்டோடு ஒட்டும் பசைக் கோடு, ஒவ்வொன்றுக்கும் நாலுக்குப் பதில் ஆறு ஆணி. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் அடியில் முழுப் பரப்புக்கும் பலகை வேண்டும். இந்த ஈரத்திலும் கறையானிலும் அந்தப் பலகையைக் காப்பது பெரும்பாடு. செலாயாங் வரிசை வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் சொல்வது சிமெண்டு ஓடோ சுட்ட ஓடோ. சட்டம் நன்றாக இருந்தால் அந்தக் கனத்தைக் கைவிட வேண்டாம். கூரைக்காரர் வந்ததும், "அண்ணே, எத்தனை ஓட்டுக்கு ஆணி போடுவீங்க?" என்று கேளுங்கள். "கூரை செங்குத்தா இல்லையே, தேவையில்ல" என்பார். அதை ஏற்க வேண்டாம். தாழ்வாரத்து வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, பக்க ஓரங்கள் ஆகியவற்றில் எல்லா ஓட்டுக்கும் ஆணி அல்லது கிளிப், முகட்டு ஓட்டுக்குத் திருகும் பிடியும், நடுப்பரப்பிலும் முடிந்த மட்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். துருப்பிடிக்காத ஆணி என்பதையும் எழுதுங்கள். கூரைத் தாங்கி சுவரின் மேல்விட்டத்தோடு போல்ட்டோ பட்டையோ கொண்டு பிணைந்திருக்கிறதா என்று ஓடு இறங்கிய நாளிலேயே பாருங்கள். மறுபடி மூடிய பிறகு அதைப் பார்க்க முடியாது. கார் நிறுத்தும் இடத்தில் போட்ட ஆவ்னிங்கையும் விட்டுவிட வேண்டாம். இலேசான அந்தத் தட்டிதான் பல தெருக்களில் முதலில் கழன்று, எதிர்வீட்டு ஓட்டை உடைக்கிறது. நகராண்மையின் அனுமதியோடு, கணக்குப் போட்ட கம்பத்தில் நிற்பதாக அது இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய ஓடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். முகட்டு ஓட்டில் நாலைந்தும் சாதா ஓட்டில் ஒரு கட்டும் பின்புறத்தில் அடுக்கி வையுங்கள். கம்பெனிகள் அச்சை மாற்றிவிடுகின்றன. ஐந்தாறு வருடம் கழித்து உடைந்த இடத்தில் வேறு அச்சு ஓட்டைச் செருகினால் பூட்டு பொருந்தாது, பொருந்தாத ஓட்டின் விளிம்பில்தான் அடுத்த காற்று விரல் நுழைக்கும்.